மிளகாய் அரைத்த கை

கீழ இருக்கற தூக்குப்போசி உங்களுதுங்களா அக்கா? காலு பட்டுச்சுன்னா தப்பா நெனைச்சுக்காதீங்க. என்ற மடியில எண்ணெய் பாட்டல் இருக்குது, அதான் இப்படி ஒடுங்கி உக்காந்திருக்கறேன். இந்த டிரைவரு பள்ளம் மேடு பாத்து ஓட்டற ஆளாத் தெரியல.

ஆனைமலைக்குத்தானுங்க. நீங்களுமா? நல்லதாப் போச்சு. கோயிலுக்குத்தான் போறேன். இல்லீங்க, மொளகா அரைக்க இல்ல. கெடுதல் பண்ணினவனை அம்மன் கேக்கட்டும்னு அரைக்கறது, அது முன்னமே அரைச்சாச்சு. அரைச்சது பலிச்சும் போச்சு. பலிச்சா திரும்பி வந்து அம்மனுக்கு எண்ணெய் சாத்திக் குளுரப் பண்ணோணும்னு எங்க பக்கம் சொல்லுவாங்க. நாம அரைச்ச காரம் அவ மேலதான பூசறோம், அது எரியுமில்லீங்களா. அப்படியே உட்டுட்டுப் போனா நல்லாருக்காதுங்களாமா.

பலிச்சவ மூஞ்சி ஏன் இப்படி இருக்குதுன்னு பாக்கறீங்க. பாருங்க, பாருங்க. ஊருல எல்லார்த்துக்கும் ஒரு கதை சொல்லியாச்சு. போலீஸ்ல சொன்னேன், பள்ளிக்கூடத்துல மைக்குப் புடிச்சுச் சொன்னேன். வர்ற திங்கக்கிழமை கோயமுத்தூர்ல மாஜிஸ்ட்ரேட்டம்மா முன்னால மறுக்கா சொல்லோணும். நான் அங்க என்ன சொல்றேனோ அதுலதான் என்ற பையன் வூட்டுக்கு வர்றதும் வராததும் இருக்குது. அதுக்கு முன்னால ஒருத்தருகிட்டயாவது உள்ளதைச் சொல்லிப் பாக்கோணும்னு இருந்தேன். உங்களை நானு இனிமே எங்க பாக்கப் போறேன். அதனால சொல்றேன்.

பையன் பேரு மௌலீஸ்வரன். மௌலின்னுதான் கூப்புடறது. பதினாறு வயசு, பதினொண்ணாவது படிக்கறான். ஒரே பையன். அதிர்ந்து பேச மாட்டான். கோழி அறுக்கறப்பக் காலைப் புடிடான்னா மூஞ்சியத் திருப்பிக்குவான். ஆனா போனைக் கையில எடுத்தான்னு வெச்சுக்கோங்க, அவ்வளவுதான். துப்பாக்கி கேமு. ஓடறான், குனியறான், செவுத்துக்கு அக்கட்ட நின்னு சுடறான். பள்ளிக்கூடம் விட்டு வந்தா அடுப்படிக்கு எதுக்கால கட்டல்ல உக்காந்து, காதுல ஹெட்செட்டை மாட்டிட்டு, அதேதான் வேலை. ஒருக்கா எட்டிப் பாத்தேன். சுட்டா ரத்தம் பச்சையாத் தெறிக்குது. மனுசனுக்குப் பச்சை ரத்தமாடான்னு கேட்டேன். சிரிச்சான். நானு திட்டாத நாளில்ல. ஆனா புடுங்கி வெக்கல. கண்ணு முன்னால உக்காந்திருக்கறானே, ஊரு சுத்தலயேன்னு ஒரு நெனப்பு. உங்க வூட்டுலயும் அப்படித்தானுங்களா? எல்லா வூட்டுலயும் அப்படித்தான்.

சேரி, வெவகாரத்துக்கு வர்றேன். எங்க வூட்டுக்காரரோட பொறந்த தம்பி நாச்சிமுத்து. என்ற கொழுந்தனாரு. தோப்பைப் பிரிச்சப்ப எங்க வூட்டுக்குப் போற தடம் அவரு பங்குல போயிருச்சு. தடம்னா, ரெண்டு பக்கமும் வேலி வெச்ச இட்டேரிங்க. எங்க மாமனாரு காலத்துல இருந்து அதுலதான் வண்டி போச்சு, பொணம் போச்சு, பொண்ணழைப்புப் போச்சு. மூணு வருசம் முந்தி என்ன நெனச்சாரோ, பட்டா என்ற பேருலன்னு சொல்லிக் குறுக்க கல்லுக்கால் நட்டு முள்ளுக்கம்பியை இழுத்துட்டாரு. எங்க கண்ணு முன்னாலயே நட்டாருங்க. கல்லை நிறுத்தி, மண்ணைத் தள்ளி, வலது காலால நங்கு நங்குன்னு மிதிச்சாரு. அந்த மிதி என்ற நெஞ்சுல இன்னும் கேக்குது.

அதுக்கப்பறம் நாங்க வாய்க்கால் வரப்பு மேல சுத்திக்கிட்டுத்தான் ரோட்டுக்கு வரோணும். கேஸ் சிலிண்டரைத் தலையில தூக்கிட்டு வரோணும். எங்க வூட்டுக்காரரு தேங்காமட்டை மில்லுல வேலை செய்யறாரு, வாயில்லாப் பூச்சி. பொறந்தவன்தான, மனசு மாறுவான், உடு கோகிலான்னு அதையே சொல்லிக்கிட்டிருப்பாரு. உடறதுக்கு நானு ஆளில்லீங்க. நானு பேசுவேன். அடுப்புல அரிசி போடறப்பப் பேசுவேன். எங்க அக்காகிட்டப் போனுல பேசுவேன். தனியாக்கூடப் பேசுவேன். அவன் வெளங்க மாட்டான், அவன் கட்டையில போவோணும், அவனைப் போட்டுத் தள்றதுக்கு ஒரு ஆளில்லையான்னு. எல்லாரும் பேசறதுதானுங்க. கோவத்துல வர்ற வார்த்தைதான. நீங்க பேசினதில்லீங்களா? பையன் பக்கத்துலதான் இருப்பான். அதுக்கென்ன, காதுலதான் ஹெட்செட்டு இருக்குதே, துப்பாக்கிச் சத்தத்துல நாம பேசறது எங்க கேக்கப் போவுதுன்னு இருந்தேன்.

போன ஐப்பசி மழையில வரப்பு வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு ஒடைஞ்சு போச்சு. கட்டுப் போட்டுட்டு வந்து வூட்டுல உக்காந்தேன் பாருங்க, அன்னிக்கு முடிவு பண்ணினேன். மனுசன் கேக்கலேன்னா சாமி கேக்கட்டும், அம்மன்கிட்டப் போயி மொளகா அரைச்சுப் பூசிட்டு வந்தர்றதுன்னு. எங்க வூட்டுக்காரரு வேண்டாம்னாரு. என்ற அக்கா வர்றேன்னு சொல்லிட்டுக் கடைசீல வரல. கட்டுப் போட்ட கையை வெச்சுட்டுத் தனியாப் பஸ் ஏற முடியாது. மௌலிக்கு ஞாயித்துக்கெழமை லீவு. வாடா கண்ணு தொணைக்குன்னு கூட்டிட்டு வந்தேன். இதே ரூட்டுத்தான். அவன் சன்னலோரம் உக்காந்து போனு பாத்துட்டே வந்தான்.

இங்கதான் நானு தப்புப் பண்ணினது. கூட்டிட்டு வந்ததைக்கூட உடுங்க. அம்மிக்கு முன்னால உக்காந்தப்பத்தான் நெனப்பே வந்துச்சு, ஒத்தைக் கையில எப்படி அரைக்கறதுன்னு. எடது கையில ரெண்டு இழுப்பு இழுத்தேன், மொளகா அப்படியே கெடக்குது. பொறத்தால வரிசை நிக்குது. தள்ளு கோகிலா, பையனை அரைக்கச் சொல்லுன்னு பொறத்தால நின்ன ஒரு பொம்பளை சொன்னா. சொன்ன உடனே அவன் போனைப் பாக்கெட்டுல போட்டுட்டு உக்காந்துட்டான். என்னோட பேரு அவளுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்கறீங்களா? இல்லீங்க, அவ பேரு சொல்லிக் கூப்புடல. பொறத்தால ஒரு பொம்பளை இருந்தா. ஆனா அரைடான்னு சொன்னது நானுதான். மனசுக்குள்ளயே சொல்லிச் சொல்லி அதுவும் வேற மாதிரி ஆயிப் போச்சு பாருங்க.

அவன் அரைக்கறான், நானு பக்கத்துல உக்காந்து சொல்றேன். தாயே, என்ற தடத்தை அடைச்சவன், கல்லு நட்டு மண்ணை மிதிச்சானே அந்த வலது காலு, அது இனிமே ஊணி நடக்கக்கூடாது. ஒருக்கா இல்லீங்க. அரைச்சு முடியற வரைக்கும் சொன்னேன். அவனுக்குக் கண்ணுல தண்ணி ஊத்துது. அம்மா போதுமான்னு கேட்டான். இன்னும் நல்லா மசியட்டும், அப்பத்தான் அவனுக்கு ஒறைக்கும்னேன். பூசினதும் அவன்தான். திரும்பி வர்றப்ப ரெண்டு கையும் எரியுதும்மான்னு ஊதிக்கிட்டே வந்தான். ஊட்டி வளத்த தாயி என்ன சொல்லியிருக்கோணும்? பாவம், மோரு வாங்கிக் கழுவி உட்டிருக்கோணும். எரியட்டும் சாமி, எரிஞ்சாத்தான் பலிக்கும்னு சொன்னேனுங்க. அதைச் சொன்ன வாயிதான் இது.

தொண்ணூறு நாளுக்குள்ள பலிக்கும்னு ஒரு கணக்கு இருக்குதில்லீங்களா. நானு காலண்டருல கோடு போட்டு எண்ண ஆரம்பிச்சேன். அந்த மனுசன் நல்லா நடக்கறாரு. தோப்புக்குப் போறாரு, கோழி மேய்க்கறாரு, டீக்கடையில நிக்கறாரு. எனக்குப் பத்திக்கிட்டு வருது. அம்பதாச்சு, ஒண்ணுமாவல. அறுபதாச்சு. சாமியும் வசதியானவங்க பக்கந்தான் போலன்னு அடுப்படியில நின்னு சொல்லுவேன். இந்த வூட்டுல ஆம்பளைன்னு ஒருத்தன் இருந்திருந்தா நானு எதுக்குச் சாமிகிட்டப் போறேன்னு சொல்லுவேன். அது எங்க வூட்டுக்காரருக்குப் படட்டும்னு சொன்னது. அவரு காதுல அது ஏறவே இல்லீங்க. எதுக்கால கட்டல்ல உக்காந்திருந்தது யாருன்னு நானு பாக்கல.

எண்பத்தேழாவது நாளு. மத்தியானம். சோளத்தைக் காயப்போட்டுட்டு இன்னும் மூணே நாளுதான், அவ்வளவுதான், நம்ம விதின்னு பொலம்பிட்டிருந்தேன். மௌலி எந்திரிச்சு வெளிய போனான். செத்த நேரத்துல வேலிப் பக்கம் ஒரு அலறல். நானு பாம்புன்னு நெனச்சேன். ஓடறதுக்குள்ள இவனே எதுக்கால வந்துட்டான். தொட்டியில கை கழுவினான். மூஞ்சியில கோவமில்ல, ஒண்ணுமில்ல, பரீச்சை எழுதிட்டு வந்தவனாட்டம் இருந்தான். வந்து என்ன சொன்னான் தெரியுங்களா?

"அம்மா, இனி நீ வரப்புல போவேண்டாம்."

வேலிக்கல்லுல சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்து ஒரே அடி. வலது முட்டி. ஒண்ணுதான், ரெண்டாவது இல்ல. அடிச்சுட்டுக் கடப்பாரையை எடுத்த எடத்துலயே சாத்தி வெச்சிருக்கறான்.

இப்பச் சொல்றதை யாருகிட்டயும் சொன்னதில்ல அக்கா. அந்த அலறலு நாச்சிமுத்தோடதுன்னு தெரிஞ்சதும், வலது காலுன்னு தெரிஞ்சதும், எனக்கு வயிறு குளுந்துச்சுங்க. ஒரு நிமிசம். ஒரு நிமிசம்கூட இருக்காது. அடி அம்மா பலிச்சுருச்சேன்னு கையெடுத்துக் கும்புட்டேன். அப்பறந்தான் பையன் கையைப் பாத்தேன். அந்த ஒரு நிமிசம் இருக்குது பாருங்க, அதை எந்த எண்ணெய் ஊத்திக் கழுவறதுன்னு தெரியல.

பொழுதோட போலீஸ் வந்துட்டாங்க. ஏன்மா இப்படிப் பண்ணினான், உங்க வூட்டுல ஏதாவது சொன்னீங்களான்னு அந்த இன்ஸ்பெக்டரு கேட்டாரு. நல்ல மனுசன்தான். அவரு கண்ணைப் பாத்ததும் வாயி தானா வந்துச்சு. கேமுங்க சார், எந்நேரமும் அந்தத் துப்பாக்கி கேமுதானுங்க, அதுலயே மூளை கெட்டுப் போச்சுங்கன்னு. அவரு தலையாட்டினாரு பாருங்க, ஒடனே எழுதிக்கிட்டாரு. அவரு பையனும் அப்படித்தானாம். நானு சொன்னதை நம்பாத ஆளே கெடையாது. வாத்தியாரு நம்பினாரு, ஒறம்பரை சொந்தபந்தமெல்லாம் நம்புச்சு. எங்க வூட்டுக்காரரே நம்பினாரு. பள்ளிக்கூடத்துல பெத்தவங்க கூட்டம் போட்டு, பட்டவங்க வாயால கேக்கட்டும்னு என்னையக் கூப்பிட்டாங்க. போனேன். மைக்கு முன்னால நின்னு போனு எப்படிப் புள்ளைகளைக் கொலைகாரனாக்குதுன்னு பேசினேன். பொம்பளைகள்ளாம் கண்ணைத் தொடைச்சாங்க. நல்லாப் பேசினேன்னு சால்வை போத்தினாங்க. எங்க பையனும் கேமாடறான், ஆனா ஒரு ஈயக்கூட அடிக்க மாட்டானேன்னு கடைசி வரிசையில ஒருத்தி கேட்டா. நானு சால்வையை இழுத்துப் போத்திக்கிட்டேன். ஹெட்மாஸ்டரு நன்றி சொல்லி முடிச்சுட்டாரு.

இதுல பெரிய கொடுமை என்னன்னா, நாச்சிமுத்தும் நம்பிட்டாரு. முட்டியில தகடு வெச்சுக் கட்டிக் கெடக்கறாரு. முன்ன மாதிரி நடையிருக்குமான்னு டாக்டருக்கே சொல்லத் தெரியல. பாக்கப் போனேன், போகாம இருக்க முடியுங்களா. என்னையத் திட்டுவாருன்னு பாத்தா, பையனுக்கு என்னங்க அண்ணி தெரியும், அந்தக் கேமு பண்ணுன வேலை, எங்க பாப்பாகிட்ட இருந்தும் போனைப் புடுங்கிட்டேன்னாரு. அவரே இழுத்த கம்பி குறுக்க இருந்ததுல ஆம்புலன்சு உள்ள வர முடியாம அவரையே வரப்பு மேலதான் தூக்கிட்டுப் போனாங்களாம். கம்பியை அவுத்து உடச் சொல்லிட்டேன் அண்ணின்னாரு. அவரு சம்சாரம் எனக்குக் காப்பி ஆத்திக் குடுத்தா. அந்தக் காப்பியை நானு முழுங்கினேன் பாருங்க, வெசத்தைக் குடிச்சாக்கூட அப்படி இருக்காது.

தடம் தொறந்துருச்சு. காலும் போச்சு. கேட்டதெல்லாம் அம்மன் குடுத்துட்டா. இல்லீங்களா?

பையனைக் கோயமுத்தூர்ல, சின்னப் பசங்க கேஸுக்குன்னு இருக்கற ஹோமுல வெச்சிருக்கறாங்க. அங்க புள்ளைகளோட பேசறதுக்குன்னு ஒரு டாக்டரம்மா, சின்னப் பொண்ணு. அந்தப் பொண்ணு ஒருத்திதான் என்னைய நம்பல. போன வாரம் தனியா உக்கார வெச்சுப் பேசினா. நானும் அந்தக் கேமு ஆடுவேன்மா, அதுல எல்லாரும் தலைக்குத்தான் குறி வெப்பாங்க, காலுல அடிக்கறதுல ஒண்ணும் கெடைக்காது, இவன் ஏன் காலைப் பாத்து அடிச்சான், அதுவும் வலது காலை, ஒரே அடியோட ஏன் நிறுத்தினான்னு கேட்டா. தெரியாதுங்கன்னேன். காதுல மாட்டிக்கிட்டு இருப்பானுங்க, எங்க பேச்சே அவனுக்குக் கேக்காதுங்கன்னேன். அவ என்னையவே பாத்தா. ஒரு காதுலதான் மாட்டுவானாம்மா, அம்மா கூப்பிட்டாக் கேக்கோணுமேன்னு இன்னொரு காதைத் தொறந்தே வெச்சிருப்பானாம், அவனே சொன்னான்னு சொன்னா.

அப்பத்தானுங்க எனக்கு ஒறைச்சுது. அடுப்படியில நின்னு பேசினது அத்தனையும் அவன் காதுல போயிருக்குது. மூணு வருசம். ஒரு காதுல துப்பாக்கி, ஒரு காதுல நானு.

கேமுல ஒண்ணுமே இல்லைன்னு நானு சொல்ல வரல. அடிக்கறதுன்னா சும்மாங்கற மாதிரி ஒரு பழக்கத்தை அது குடுத்திருக்கலாம், எனக்கென்ன தெரியும். ஆனா யாரை அடிக்கோணும்னு கேமு சொல்லலீங்க. எந்தக் காலுன்னு அது சொல்லல. தொண்ணூறு நாளுக்குள்ளன்னு அதுக்குத் தெரியாது.

டாக்டரம்மா இன்னொண்ணும் சொன்னா. எல்லாத்தையும் பேசறானாம். படிப்பு பேசறான், சாப்பாடு பேசறான். ஏன் அடிச்சேன்னு மட்டும் கேட்டா வாயை இறுக்கிக்கறானாம். காரணம் தெரியாத கோவம்னா மறுபடியும் எப்ப வரும்னு யாரும் சொல்ல முடியாதாம், அப்படி இருந்தா வூட்டுக்கு அனுப்பலாம்னு அவளால எழுத முடியாதாம். காரணம் வெளிய வரோணும், அவன் சொல்லோணும், இல்லாட்டி தெரிஞ்சவங்க சொல்லோணும்னா. தெரிஞ்சவங்கன்னு சொல்றப்ப என்ற கையைப் புடிச்சா.

அப்பறம் மௌலியைப் பாத்தேன். எளைச்சுட்டான். எதுக்கால பெஞ்சுல உக்கார வெச்சாங்க. என்ன பேசறதுன்னு தெரியாம சாப்பிட்டியா சாமின்னேன். தலையாட்டினான். ஏங்கண்ணு அந்த டாக்டரம்மா கேக்கறதுக்குப் பதிலு சொல்ல மாட்டீங்கறன்னு கேட்டேன். கேட்டா வேற என்னமோ சொல்லுவான்னு நெனச்சேன். சுத்தி யாராவது இருக்கறாங்களான்னு பாத்துட்டு, மெதுவாச் சொன்னான்.

"நானு சொல்ல மாட்டேம்மா. நீ பயப்படாத."

பயப்படாதயாம். பதினாறு வயசுப் பையன், எனக்குச் சொல்றான்.

நானு என்ன பண்ணியிருக்கோணும்? அங்கயே ஓடிப் போயி அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லியிருக்கோணும். சொல்லலீங்க. எந்திரிச்சு வந்துட்டேன். வந்து பஸ்ஸுல உக்காந்தப்பறம் மனசுல ஒரு தைரியங்கூட வந்துச்சு, பையன் சொல்ல மாட்டான்னு. நானெல்லாம் தாயின்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன். அவன் அங்க உள்ள கெடக்கறதே எனக்குப் பாதுகாப்பா இருக்குதுங்க அக்கா. இதைவிட ஒரு பாவம் உண்டுங்களா?

வக்கீலு கேமையே புடிச்சுக்கோங்கங்கறாரு. முதல்ல சொன்னதை மாத்தினா நீங்களே தூண்டி உட்டதா ஆயிரும், உங்க மேலயும் கேஸு திரும்பும்னு பயமுறுத்தறாரு. நாச்சிமுத்து காதுக்குப் போனாத் தடம் மறுபடியும் அடையும். அடையட்டும். வரப்புல போனாக் கையி ஒடையும், அவ்வளவுதான. ஊருல மூஞ்சி காட்ட முடியாது. சால்வை போத்தினவங்களே காறித் துப்புவாங்க. எங்க வூட்டுக்காரரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அவரு சும்மா பாப்பாரு, அதுதான் என்னால தாங்க முடியாது. இதையெல்லாம் ஒரு தட்டுல வெச்சுப் பாத்தா, பையன் அடுத்த தட்டுல ஒருத்தனா இருக்கறான். அவன்தான் கனமுங்க. அதுல எனக்குச் சந்தேகமில்ல. வூட்டுல உக்காந்து யோசிக்கறப்ப எல்லாம் தெளிவா இருக்குது. நடந்ததை அப்படியே சொல்லோணும்னு முடிவே பண்ணிட்டேன். இங்க பாருங்க, உங்ககிட்டச் சொல்லிட்டனில்ல, ஒண்ணும் ஆயிரலயே.

ஊரு வந்துருச்சுங்களா? இல்ல, இன்னும் ரெண்டு ஸ்டாப்பு இருக்குது. அக்கா, ஒரு ஒதவி பண்றீங்களா. நீங்கதான் அந்த மாஜிஸ்ட்ரேட்டம்மான்னு வெச்சுக்கோங்க. உங்களுக்கும் அவங்களாட்டமே கண்ணாடி இருக்குது. நிமிந்து உக்காந்து, சிரிக்காம, உங்க பையன் ஏன்மா இப்படிச் செஞ்சான்னு என்னையக் கேளுங்க. அட, யாரும் பாக்கல, சும்மா கேளுங்க.

கேமுங்கம்மா. எந்நேரமும் அந்தத் துப்பாக்கி கேமுதானுங்க, அதுலயே அவனுக்கு...

இருங்க அக்கா. இருங்க. ஊரு வந்தா வரட்டும், இறங்காதீங்க. இன்னொருக்காக் கேளுங்க.